நெல் இலை காய்கிறதா? உப்பா, வறட்சியா என்று வயலிலேயே கண்டுபிடிக்கும் வழி

நுனி கருகிய ஒரே ஒரு இலையைக் கிள்ளி வந்து, "இது என்ன நோய்?" என்று கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. உப்பு மண்ணில் நிற்கும் நெல்லும், தண்ணீர் இல்லாமல் நிற்கும் நெல்லும் முதல் சில நாட்களில் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டிலும் வேரால் தண்ணீரை இழுக்க முடிவதில்லை. வறண்ட மண் தன்னிடம் மிஞ்சியிருக்கும் ஈரத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. உப்பு மண்ணில் தண்ணீர் கண்ணெதிரே நிற்கும், ஆனால் அதில் கரைந்த உப்பு அதை வேருக்கு விடாது.

அதனால் இலையை ஆராய்வதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். முதலில் கெட்டது கீழ் இலையா, குருத்தா? நாளில் எந்த நேரத்தில் மோசமாகத் தெரிகிறது? வயலில் எந்த இடத்தில் தொடங்கியது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பெரும்பாலும் காரணம் பிடிபட்டுவிடும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோய் என்று நாம் பதறுகிற பல அறிகுறிகள், பயிர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற வேலைகள். இலை சுருள்வதும் அப்படித்தான், அடி இலை காய்வதும் பல நேரம் அப்படித்தான். அதை நிறுத்தப் போகிறேன் என்று யூரியாவும் மருந்தும் வாங்குவதைவிட, பயிர் எதற்காக அதைச் செய்கிறது என்று பார்ப்பது மேல்.

அறிகுறிக்கு முன்: வயலைச் சுற்றி ஒரு நடை

உப்பு, வயல் முழுவதும் ஒரே சீராக இருக்காது. திட்டுத்திட்டாக, ஒழுங்கில்லாத வடிவத்தில் இருக்கும். வரப்போரம், வயலுக்குள் சற்றே மேடான இடங்கள், நீர் ஏறி ஆவியாகும் இடங்கள் எல்லாம் முதலில் பாதிக்கும். மண் காயும்போது அங்கே வெள்ளைப் பூச்சு தெரியும். வறட்சி அப்படியில்லை. மடையிலிருந்து தூரமான பகுதி, மணல் கலந்த பகுதி, மேட்டுப்பகுதி என்று தண்ணீர் கடைசியாக வந்து முதலில் வடியும் இடங்களில் தொடங்கும். கச்சிதமான வட்ட வட்டமாகக் காய்ந்தால் இரண்டையும் மறந்துவிட்டு, தூரை விலக்கி அடித்தண்டைப் பாருங்கள். புகையான் பூச்சி அங்கே அடையடையாக இருக்கும்.

அப்புறம் ஒரு கண்ணாடி ஜாடியில் கைப்பிடி மண்ணைப் போட்டு, மழைநீரோ வேறு நல்ல தண்ணீரோ ஊற்றிக் குலுக்கி வையுங்கள். சில மணி நேரத்தில் மண் அடியில் படிந்து மேலே நீர் தெளிந்தால் அது உவர் மண்ணாகவோ (கரையும் உப்பு மிகுந்த மண்) சாதாரண மண்ணாகவோ இருக்கலாம். மறுநாள் வரை கலங்கலாகவே நின்றால் அது களர், அதாவது களித்துகள்களில் சோடியம் ஒட்டிய மண். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதில் குழம்பித்தான் பலர் உவர் நிலத்தில் ஜிப்சத்தைக் கொட்டிப் பணத்தை வீணாக்குகிறார்கள்.

கையடக்க இ.சி. மீட்டர் (நீரில் கரைந்த உப்பை மின்கடத்துதிறனால் காட்டும் கருவி) இருந்தால் வாய்க்கால் நீரையும் வயல் நீரையும் தனித்தனியே அளந்துகொள்ளுங்கள். நெல்லுக்கான கணக்கு இது: மண்ணைப் பசையாகக் குழைத்து அதிலிருந்து வடித்த நீரின் இ.சி. 3 டெசிசீமன்ஸ்/மீட்டர் வரை விளைச்சல் குறையாது. அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் சுமார் 12 சதவீதம் போகும். 5 என்றால் கால் பங்கு, 7-ஐத் தாண்டினால் பாதி விளைச்சல் காலி. பாசன நீரின் இ.சி. 2-க்குள் இருப்பது நல்லது. ஆய்வக அறிக்கையைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. பல ஆய்வகங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது ஐந்து பங்கு நீர் கலந்து அளக்கும். அந்த எண் நீர்த்துப்போனது. பசைநீர் எண் அதைவிடப் பல மடங்கு இருக்கும், எத்தனை மடங்கு என்பது மண்ணின் தன்மையைப் பொறுத்தது. அறிக்கையில் 1 என்று பார்த்து நிம்மதி அடையும் முன் எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

அறிகுறி: மதியத்தில் இலை குழல் போலச் சுருள்கிறது

சாயங்காலம் போய்ப் பாருங்கள். விரிந்துவிட்டதா? அப்படியானால் வேலை ஒன்றும் இல்லை.

நெல் இலையின் மேற்புறத்தில், நரம்புகளுக்கு நடுவே, விசிறி போல விரிந்த பெரிய செல்கள் உண்டு. இலையில் நீர் குறைந்தால் முதலில் சுருங்குவது இவைதான். இவை சுருங்கியதும் இலை உள்நோக்கி மடங்கும். வெயில் படும் பரப்பு குறையும், இலைத்துளைகளைச் சுற்றிச் சற்று ஈரக்காற்று தங்கும், நீர் இழப்பு குறையும். இதே நேரத்தில் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி இலைத்துளைகளை மூடச் சொல்லும். துளை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராது, மாவுச்சத்து தயாரிப்பு குறையும். செடிக்கு அது நஷ்டம்தான். ஆனாலும் உயிர் பிழைக்க அந்த நஷ்டத்தை அது ஏற்றுக்கொள்கிறது.

விடியற்காலையில் போய்ப் பார்க்கும்போதும் சுருண்டே இருந்தால் கதை வேறு. இரவு முழுவதும் வெயில் இல்லை, காற்று ஈரம், இலைத்துளைகள் மூடியிருக்கின்றன. அப்படியும் செடி இழந்த நீரை மீட்கவில்லை என்றால் வேர் இருக்கும் ஆழத்தில் எடுக்க நீரே இல்லை என்று பொருள். உடனே பாய்ச்ச வேண்டிய கட்டம் இது. என்னைக் கேட்டால் நெல்லில் வறட்சியை அளக்க விடியற்காலைச் சுருளைவிட மலிவான கருவி கிடையாது.

சரி, வயலில் தண்ணீர் நிற்கிறது, அப்படியும் சுருள்கிறது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று உப்பு: மீட்டரை விட்டுப் பாருங்கள். இன்னொன்று வேர். ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக் கழுவுங்கள். நல்ல வேர் வெள்ளையாக இருக்கும், அல்லது இரும்புத்துரு படிந்து செம்பழுப்பாக இருக்கும். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மண்ணில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்து வேர் செயலிழந்திருக்கிறது. அந்த வயலுக்கு இன்னும் தண்ணீர் விடக் கூடாது. வடித்துவிட்டு, மண் மேலாகக் காயும் வரை காத்திருக்க வேண்டும்.

பாய்ச்சலும் காய்ச்சலுமாக நீர் விடுகிறவர்களுக்கு: வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, நீர்மட்டம் தரையிலிருந்து 15 செ.மீ. கீழே போனதும் மீண்டும் பாய்ச்சுவது என்ற அளவு நல்ல நிலத்துக்குப் பாதுகாப்பானது. உப்பு நிலத்துக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மண்ணில் இருக்கும் நீர் பாதியானால் உப்பு எங்கும் போகாது, அதன் செறிவு இரண்டு மடங்காகும். 3 என்று இருந்தது 6 ஆகிவிடும். வறட்சியும் உப்பும் சேரும்போது கூட்டல் கணக்காக இல்லாமல் பெருக்கல் கணக்காகத் தாக்குவது இதனால்தான். உப்பு நிலத்தில் மெல்லிய அளவிலாவது நீர் நிற்கட்டும். தண்ணீர் மிச்சம் பிடிப்பதை வேறு வயலில் வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: அடி இலைகள் நுனியிலிருந்து வெளுத்துக் காய்கின்றன, குருத்து பச்சையாக இருக்கிறது

உப்புக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. ஆனால் உடனே தெரியாது. உப்பு நீர் ஏறிய முதல் நாளில் செடி வாடுவது வெறும் தண்ணீர்த் தட்டுப்பாடு. நாட்கள் கழித்து, சில சமயம் வாரங்கள் கழித்து வருவது சோடியத்தின் நஞ்சு. இலை நுனியில் நீர் ஆவியாகிப் போக, அது கொண்டுவந்த சோடியம் அங்கேயே தங்கிச் சேர்கிறது. அதனால் இலை காய்வது நுனியில் தொடங்கி அடியை நோக்கி வரும்.

ஏன் அடி இலை முதலில்? இங்கேதான் நெல்லின் சாமர்த்தியம் இருக்கிறது, சற்று விரிவாகப் பார்க்கலாம்.

நெல்வேருக்குள் சோடியம் வர இரண்டு வழி. செல்களின் வழியாக, அவற்றின் சம்மதத்தோடு வருவது ஒன்று. செல்களுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியாக, யாரையும் கேட்காமல் நீரோடு வருவது இன்னொன்று. நெல்லில் இந்தச் சந்து வழி பெரிய ஓட்டை. உப்பைத் தாங்கும் ரகங்கள் வேரின் உட்சுவர்களில் சுபரின் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருளைத் தடிமனாகப் பூசி அந்தச் சந்துகளை அடைக்கின்றன. கேரளக் கடலோர வயல்களில் விளையும் பொக்காலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிலிக்கா போதுமான அளவு கிடைக்கும் பயிரிலும் இந்தச் சந்து வழிக் கசிவு குறைகிறது. வைக்கோலை எரிக்காமல் மண்ணுக்கே திருப்பித் தருவதற்கு உப்பு நிலத்தில் கூடுதலாக ஒரு காரணம் இது.

அடைப்பையும் தாண்டி வந்த சோடியம், நீர்க்குழாய்கள் வழியாக மேலே ஏறும். அங்கே இரண்டாவது காவல். எச்.கே.டி. 1;5 என்று பெயரிடப்பட்ட ஒரு கடத்திப் புரதம், ஏறும் நீரிலிருந்து சோடியத்தைப் பிடித்து வெளியே இறக்கிவிடும். மேற்கு வங்கப் பகுதியின் நோனா பொக்ரா என்ற பழைய ரகத்திலிருந்து இதற்கான மரபணுவை 2005-இல் கண்டறிந்தார்கள். பொக்காலியிலிருந்து வந்து பல புதிய ரகங்களில் சேர்க்கப்படும் சால்டால் என்ற மரபுப் பகுதியும் நெல்லின் முதல் குரோமோசோமில் அதே இடத்தைச் சுற்றித்தான் இருக்கிறது.

அதற்கும் தப்பிய சோடியத்தை என்ன செய்வது? செடி அதை அடி இலைகளுக்கு அனுப்பி, செல்களுக்குள்ளே இருக்கும் வாகுவோல் பைகளில் அடைத்துவைக்கிறது. பையில் இருக்கும் வரை அது தீங்கு செய்யாது. அடைத்த உப்புக்கு ஈடாகச் செல்லின் மற்ற பகுதியில் புரோலின் என்ற அமினோ அமிலத்தையும் சர்க்கரையையும் கூட்டி நீர்ச் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும். பை நிரம்பிவிட்டால் அந்த இலை சாகும். வளரும் குருத்துக்கும் கண்ணாடி இலைக்கும் (கதிருக்குக் கீழே கடைசியாக வரும் இலை) சோடியம் போகாமல் பார்த்துக்கொள்வதற்காக அடி இலையைப் பலி கொடுக்கிறது. ஆகவே அடி இலை ஒன்றிரண்டு காய்ந்து, மேலே புது இலைகள் தொடர்ந்து வந்தால் செடி சமாளிக்கிறது என்று அர்த்தம். புது இலை வரும் வேகத்தைவிடப் பழைய இலை சாகும் வேகம் கூடினால், அதாவது மேலிருந்து மூன்றாவது இலை வரை நுனி வெளுத்துவிட்டால், காப்பதற்கு நாட்கள் குறைவு.

செய்ய வேண்டியது: வயல் நீரை முழுவதும் வடித்து, நல்ல நீர் விடுங்கள். ஏற்கெனவே நிற்கும் நீரின் மேல் புது நீரை ஊற்றுவது பாதி வேலை. நீர் ஆவியாக ஆவியாக வயல் நீரின் இ.சி. ஏறிக்கொண்டே போகும். வாய்க்கால் நீரைவிட வயல் நீர் தெளிவாக அதிகம் காட்டினால் வடிப்பதற்கான நேரம் வந்துவிட்டது. மேலுரம் போட்ட உடனே வடித்துவிடாதீர்கள், உரமும் கூடப் போய்விடும். வடித்து நிரப்பிய பிறகு போடுங்கள். பொட்டாசியம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோடியம் செல்லுக்குள் புகுந்து பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான் பாதிச் சேதத்துக்குக் காரணம். செடி தாங்குகிறதா இல்லையா என்பதை இலையில் உள்ள பொட்டாசியத்துக்கும் சோடியத்துக்குமான விகிதம் சொல்லிவிடும்.

இதே தோற்றத்தில் வந்து ஏமாற்றுபவை:

- பொட்டாசியப் பற்றாக்குறை. அடி இலையின் நுனியோடு ஓரங்களும் மஞ்சள் கலந்த பழுப்பாகும், மேல் இலைகள் வழக்கத்தைவிடக் கரும்பச்சையாக இருக்கும்.
- தழைச்சத்துக் குறைவு. நுனி கருகுவதற்கு முன்பே முழு இலையும் வெளிறும். வயல் முழுக்க ஒரே நிறம்.
- பாக்டீரியா இலைக்கருகல். காய்ந்த பகுதிக்கும் பச்சைப் பகுதிக்கும் இடையே கோடு அலையலையாக இருக்கும். பாதித்த இலையை வெட்டி, வெட்டு முனையைத் தெளிந்த நீரில் நிறுத்துங்கள். பால் போலக் கசிவு இறங்கினால் அது பாக்டீரியா. உப்பில் கருகிய இலையிலிருந்து எதுவும் இறங்காது.

அறிகுறி: நட்ட இரண்டு மூன்று வாரத்தில் நாற்று சாகிறது அல்லது துருப்பிடித்தது போல ஆகிறது

நெல்லின் உப்புத் தாங்கும் திறன் வயதுக்கு வயது மாறும். முளைக்கும்போது நன்றாகத் தாங்கும். இரண்டு மூன்று இலைப் பருவத்தில் மிகவும் பலவீனம். தூர்கட்டும்போது மீண்டும் பலப்படும். கதிர் உருவாவதிலிருந்து பூ முடியும் வரை மறுபடி பலவீனம். முற்றும்போது கவலை இல்லை. "முளைப்பு நன்றாக வந்ததே, பிறகு ஏன் போயிற்று?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

அதனால் உப்பு நிலத்தில் இளம் நாற்று நடுவது சரிவராது. 30 முதல் 40 நாள் வயதான நாற்று, குத்துக்கு மூன்று நான்கு, இடைவெளி நெருக்கமாக. ஒற்றை நாற்று நடவை எவ்வளவு விரும்பினாலும் உப்பு நிலத்தில் அதை நான் சொல்ல மாட்டேன். நாற்றங்காலை நல்ல மண்ணில், நல்ல நீர் உள்ள இடத்தில் வையுங்கள்.

நடவுக்கு முன்பே உப்பைக் கழுவுவதுதான் மலிவு. மண் எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழ நீர் அதன் வழியாகக் கீழே இறங்கினால் உப்பில் சுமார் 80 சதவீதம் போகும். 30 செ.மீ. மண்ணுக்கு 30 செ.மீ. நீர். கழுவுவது சேற்றுழவுக்கு முன் நடக்க வேண்டும். தொளி அடித்துவிட்டால் நீர் இறங்கும் துளைகள் அடைபட்டு, உப்பு மேலேயே நின்றுவிடும். நிலத்தடி நீர் மேலாகவே இருக்கும் இடத்தில் வடிகால் வெட்டாமல் கழுவிப் பயனில்லை. இறங்கிய உப்பு வெயில் ஏறியதும் திரும்ப மேலே வரும்.

இலை முழுதும் காயாமல், கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் பரவி, இளம் இலையின் அடிப்பகுதியில் நடுநரம்பு வெளுத்திருந்தால் அது துத்தநாகக் குறை. களர் மண்ணில் இது கூடவே வரும், ஏனென்றால் பி.எச். (மண்ணின் கார அளவைக் காட்டும் எண்) ஏறினால் துத்தநாகம் கரையாது. அடியுரமாக ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் வழக்கமான அளவு. பயிர் நிற்கும்போது கண்டால் 0.5 சதவீதத் துத்தநாக சல்பேட்டை 1 சதவீத யூரியாவோடு கலந்து இலைமேல் தெளிக்கலாம்.

அறிகுறி: நீர் கலங்கியே நிற்கிறது, காய்ந்தால் மேல்மண் ஓடு போல இறுகுகிறது

களர். மண்ணில் உப்பு அதிகம் என்பதைவிட, களித்துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டிருப்பது இங்கே பிரச்சினை. சோடியம் துகள்களைப் பிரித்துவிடும். பிரிந்த துகள் நீரில் மிதக்கும், துளைகளை அடைக்கும், நீர் இறங்காது. பி.எச். 8.5-ஐத் தாண்டியிருக்கும். மக்குப்பொருள் கரைந்து, ஓரங்களில் கறுப்புப் படிவு தெரியும்.

இங்கேதான் ஜிப்சம் வேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிக்கும். அளவை மண் ஆய்வில் கேட்டு வாங்குங்கள், பக்கத்து வயல்காரர் போட்ட அளவு உங்களுக்குப் பொருந்தாது. பொடியாகத் தூவி மேல் 10 செ.மீ. மண்ணில் மட்டும் கலந்து, நீர் தேக்கி நிறுத்தி, பிறகு நீரை வெளியேற்ற வேண்டும். தள்ளப்பட்ட சோடியம் வயலைவிட்டுப் போகாவிட்டால் போட்டது வீண். உவர் மண்ணில் தள்ளுவதற்கு ஒட்டிய சோடியம் அதிகம் இல்லை. அங்கே வேண்டியது நீரும் வடிகாலும்.

களரில் யூரியாவின் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். அதனால் கால் பங்கு கூடுதலாகவும், பல தவணைகளாகவும் தர வேண்டியிருக்கும். அமோனியம் சல்பேட் கிடைத்தால் அது இந்த மண்ணுக்கு நல்லது. தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிர் களரில் வளரும். பூக்கும் முன் மடக்கி உழுதால் மக்கும்போது வரும் கரியமில வாயு மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தைக் கொடுக்கும். நெல்வேரும் தேங்கிய நீரில் இதே வேலையைச் சிறிதளவு செய்கிறது. களரைத் திருத்தும்போது முதல் பயிராக நெல்லை வைப்பது அதனால்தான்.

ஜிப்சம் போட்டும் வருடா வருடம் திரும்ப இறுகினால் மண்ணை விட்டுவிட்டுக் கிணற்று நீரைச் சோதியுங்கள். நீரிலுள்ள கார்பனேட்டும் பைகார்பனேட்டும், கால்சியம் மெக்னீசியத்தைவிட லிட்டருக்கு 2.5 மில்லிச்சமானத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் அந்த நீர்தான் களரை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது.

அறிகுறி: குருத்தும் இளம் இலையும் வெளுக்கின்றன, அடி இலை பச்சை

உப்பும் இல்லை, வறட்சியும் நேரடிக் காரணம் இல்லை. இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு கலந்த அல்லது கார மண், நீர் தேங்காமல் காய்ந்து நிற்கும்போது வரும். நீர் தேங்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். முடியாவிட்டால் இரும்பு சல்பேட் கரைசலை இலைவழியாகத் தெளியுங்கள்.

அறிகுறி: வயல் வெடித்துவிட்டது

தொளி அடித்த களிமண் காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பில் வேர் அறுபடும். நெல்வேரில் பெரும்பகுதி மேல் 20–30 செ.மீ.-க்குள்தான் இருக்கும். அதற்குக் கீழே சேற்றுழவால் இறுகிய ஒரு தட்டு உண்டு. சாதாரண ரகங்களின் வேர் அதைத் தாண்டுவது கடினம். கீழே ஈரம் இருந்தும் செடி தாகத்தில் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

வேர் பக்கவாட்டில் போகிறதா, செங்குத்தாக இறங்குகிறதா என்பதை ஓரளவு மரபணு தீர்மானிக்கிறது. பிலிப்பைன்ஸின் கினான்டாங் பட்டாங் என்ற மேட்டுநில ரகத்தில் இருந்த டி.ஆர்.ஓ. 1 மரபணுவை ஐ.ஆர். 64 ரகத்தில் ஏற்றியபோது அதன் வேர்கள் ஆழமாக இறங்கின, வறட்சியில் விளைச்சலும் தேறியது. 2013-இல் வெளியான முடிவு இது. மேற்கூறிய இறுகிய தட்டு கெட்டியாக இருக்கும் வயலில் வேர் எந்தக் கோணத்தில் போனாலும் முட்டிக்கொண்டுதான் நிற்கும் என்பது என் கருத்து.

வெடிப்பு விரல் நுழையும் அளவுக்கு அகன்ற பிறகு நீர் பாய்ச்சினால் முதல் நீரில் பெரும்பகுதி வெடிப்பு வழியே கீழே ஓடிவிடும். "இரவெல்லாம் பாய்ச்சினேன், நிரம்பவில்லை" என்பார்கள், அதன் காரணம் இதுதான். ஆகவே மயிரிழை வெடிப்பு தெரியும்போதே பாய்ச்சுவது மொத்தத்தில் குறைவான நீர். காய்ந்த மண்ணில் யூரியா போடாதீர்கள். நீர் விட்டு, இலை விரிந்து, புதுக் குருத்து நகரத் தொடங்கிய பிறகு போட்டால் எடுத்துக்கொள்ளும்.

தூர்கட்டும் பருவத்தில் வந்த வறட்சியிலிருந்து நெல் நன்றாகவே மீளும். பூப்பது சில நாட்கள் தள்ளிப்போகும், அறுவடையும் அதற்கேற்பத் தள்ளும். வயலில் ஒரு பகுதி மட்டும் பிந்திப் பூத்தால் அங்கே முன்பு ஈரம் குறைந்திருந்தது என்று குறித்துவைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: கதிர் பாதி வெளியே, பாதி உறைக்குள், வெள்ளைக் கதிர், பதர்

கதிரை உறையிலிருந்து வெளியே தள்ளுவது அதன் கீழே உள்ள கடைசிக் கணுவிடைத் தண்டு. சில நாட்களுக்குள் அது வேகமாக நீள வேண்டும். அந்த நாட்களில் நீர் இல்லையென்றால் நீளாது. கதிரின் அடிப்பகுதி கண்ணாடி இலையின் உறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். உள்ளே மாட்டிய பூக்கள் விரிய முடியாமல் பதராகும். அதற்கும் முன்னால், கதிர் வெளிவர ஏறக்குறைய 10–12 நாட்கள் இருக்கும்போது, மகரந்தத் தாய்ச்செல்கள் பிரியும் கட்டம் வரும். வெளியில் எந்த மாற்றமும் தெரியாத நாட்கள் அவை. ஆனால் அப்போது ஒரு தாகம் வந்தால் மகரந்தம் மலடாகும், செடி பச்சையாக அழகாக நிற்கும், கதிரில் மணி இருக்காது. பூக்கும்போது நீர் குறைந்தால் கதிர் குளிர முடியாமல் சூடேறுவதும் சேர்ந்துகொள்ளும்.

இலை சுருளுக்குப் பதறி, பொதிப்பருவத்தில் (கதிர் உறைக்குள் இருக்கும் பருவம்) அசட்டையாக இருப்பதுதான் நெல்லில் நீர் வீணாகும் முறை. கையில் இரண்டு பாய்ச்சலுக்குத்தான் நீர் இருக்கிறது என்றால், ஒன்றைப் பொதிப்பருவத்துக்கும் மற்றதைப் பூப்புக்கும் வைத்துக்கொண்டு, தூர்கட்டும்போது பயிரைச் சற்று வாடவிடலாம். சிக்கிய கதிரைப் பிந்தி விட்ட நீர் வெளியே கொண்டுவராது. ஆனால் பின்னால் வரும் தூர்களின் கதிர்களுக்கு உதவும்.

வெள்ளைக் கதிரைக் கண்டதும் இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்து, அடியில் கடித்த தடம் இருந்தால் தண்டுத் துளைப்பான். கழுத்தில் கரும்பழுப்புத் தழும்பு இருந்தால் குலைநோய். இரண்டும் இல்லாமல், இழுத்தால் வராமல், நுனி மணிகள் வெளுத்து உலர்ந்திருந்தால் வறட்சி அல்லது உப்பு. இரண்டையும் பிரிக்கக் கண்ணாடி இலையைப் பாருங்கள். பூக்கும் நேரத்தில் அதன் நுனியும் வெளுத்திருந்தால் சோடியம் அதுவரை ஏறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அடி இலையைப் பலி கொடுக்கும் தந்திரம் அதற்கு மேல் செல்லவில்லை.

ரகம் மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் "தாங்கும் ரகம்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பி வாங்காதீர்கள். வறட்சியைத் தாங்கும் ரகம் உப்பைத் தாங்க வேண்டும் என்பதில்லை. உப்பிலேயே நாற்றுப் பருவத்தில் தாங்குவதும் பூக்கும்போது தாங்குவதும் தனித்தனி மரபணுக்களின் வேலை. சால்டால் பகுதி முக்கியமாக நாற்றுக்குத்தான் உதவுகிறது. பூக்கும் காலத்தில் உப்பு நீர் ஏறும் வயலில் அது மட்டும் இருந்தால் பயிர் செழித்து வளர்ந்து கடைசியில் பதராகலாம். உவர், களர் நிலங்களுக்கென்று கர்னாலிலுள்ள மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். வரிசை, திருச்சியின் டி.ஆர்.ஒய். வரிசை போன்றவை உண்டு. வறட்சிக்கு 2010-இல் இந்தியாவில் வெளியான "சகபாகி தான்" என்ற ரகம் உண்டு. வறட்சியிலும் விளைச்சல் தரும் மரபுப் பகுதிகளைத் தேடியதில் முதலில் பெரிதாகப் பேசப்பட்டது, 2007-இல் 12-ஆவது குரோமோசோமில் கண்டறியப்பட்ட ஒன்று.

விதை தருபவரிடம் கேட்க வேண்டியவை: உவருக்கா களருக்கா, எந்த இ.சி. அல்லது பி.எச். வரை, எந்தப் பருவத்தில் சோதித்தார்கள், எத்தனை நாள் வயது. கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். நீர் எப்போது தீரும் என்பது ஓரளவு தெரிந்த வயலில், அதற்கு முன் பூத்து முடிக்கும் குறுகிய வயது ரகம், ஆழ வேர் ரகத்தைவிடப் பல நேரம் அதிகம் தரும். புது ரகத்தை வயலின் நல்ல மூலையில் நட்டுச் சோதிக்காமல், போன பருவத்தில் எந்தத் திட்டில் நாற்று செத்ததோ அங்கேயே பழைய ரகத்தோடு பக்கத்தில் பக்கத்தில் நடுங்கள்.